கோர்வை

பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் 'கோர்வை' என்னும் சொல் தறியிலும் வழங்கும், இசையரங்கிலும் வழங்கும். சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் அமையவேண்டின், உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்களை ஓட்டி, ஊடையிழைகளை ஒன்றோடொன்று பிணைப்பர். இது நெசவாளரின் கோர்வை. ஓசைத் துண்டுகளை எண்ணித் தொடுத்துத் தாளத்தில் குறித்த இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது இசைவாணரின் கோர்வை.

கரை பிறழ்ந்தால் கண்ணுடையார் எவரும் காண்பர். தாளம் பிறழ்ந்தால் அறிவோர் எத்தனை பேர்? இசை பயிலப் புகும் சிறுவரிற் பலர், சில திங்களுக்குள் மேடையிற் பாட ஒரு பாட்டு வேண்டும் என்கின்றனர். பெற்றோர் விருப்பமும் அதுவே. வரிசைகளைப் பாடுவது வீண்பொழுது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழை என்பதே என் கருத்து.

சரளி வரிசையை நோக்குவோம். அதனை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குவது மரபு. அதில் ச, ரி நெருங்கி நிற்கும். ரி, க விலகி நிற்கும். க, ம மீண்டும் நெருங்கும். ப, த, நி, மேல் ச ஆகியவையும் அவ்வாறே நிற்கும். கீழ்ப்பாதியை அறிந்த குரலுக்கு மேற்பாதி எளிதில் வசமாகும். வழிவழி வந்த ஆசிரியர்கள் காரணமின்றியா இதனை முதலில் வைத்தனர்?

இனித் தாளம். ஆதி தாளத்திற்கு 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரலெண்ணல், பின்பு தட்டும் வீச்சும் இருமுறை. முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங் காலத்தில் இரண்டு, மூன்றாங் காலத்தில் நான்கு. ஆகவே, மூன்றாங் காலத்தில் தாளம் ஒருமுறை சுற்றி வருவதற்குள் 32 சுரங்கள் அடங்கும். 'ததிகிணதொம்' என்னும் ஐந்தெழுத்துச் சொற்கட்டை அவ்வேகத்தில் மும்முறை கூறினால் 15 ஆகும். அது முடிந்தவுடன் தாளத்தின் முதல் தட்டு விழவேண்டுமாயின் எங்கே தொடங்குவது? 32இல் 15 போக எஞ்சுவது 17. அஃதாவது, நான்கு எண்ணிக்கையும் அடுத்ததிற் காற்பங்கும் கழிந்தபின் தொடங்க வேண்டும். வாய்பாடு அறிந்த சிறுவன் இதனைத் தானே கண்டுபிடிப்பான். பிறர் அமைத்ததை மனப்பாடம் செய்தவனோ, சிறிது மாற்றிக் கேட்டாலும் திகைப்பான். 72 மேளகர்த்தாக்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிப்போரைப் புகழ்வார் உளர். நான் அவர்தம் கையைத்தான் பார்ப்பேன்.

இக்கணக்கில் வல்லவராக விளங்கியவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). மிருதங்கம், கஞ்சிரா, கடம் முதலிய தாளக்கருவிகள் பலவும் சூழ்ந்து ஒலிக்க, அவற்றின் நடுவே கலங்காது பாடியவர் அவர். அவர்தம் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர், காஞ்சியிற் பிறந்த டி. கே. பட்டம்மாள் (1919–2009). பல்லவி பாடுதல் ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட காலம் அது. பட்டம்மாள் கடினமான தாளங்களிற் பல்லவி பாடிப் 'பல்லவி பட்டம்மாள்' எனப் பெயர் பெற்றார். பெண்ணுக்கு இயலாது என்றவர்க்கு அவர் தம் கைத்தாளத்தாலேயே விடையளித்தார். பல்லவியில் கை ஒரே சீராகத் தாளமிட, ஒரே வரியை இரட்டித்த வேகத்திலும் பாதி வேகத்திலும் பாட வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடிப் பழகியவர்க்கு அது முற்றிலும் புதியதன்று.