ஆலை வந்தால் மட்டும் போதுமா?

மண்ணிலே செல்வம் விளையுமானால் மக்களின் வறுமை தீர்ந்துவிடும் என்று சிலர் எளிதாகச் சொல்லி விடுகிறார்கள். பால்மரம் சீவிய பாட்டாளிக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. மலாயா உலகின் ரப்பர்க் களஞ்சியமாக விளங்கிய காலத்தில் விலை ஏறினால் இலாபம் லண்டன் பங்குதாரருக்குப் போயிற்று. 1930-களில் விலை வீழ்ந்தபோது கூலிவெட்டு நமக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இதற்குக் காரணம் என்ன? மூலப்பொருளை மட்டும் விற்கும் நாடு, விலையைத் தானே நிர்ணயிக்க முடிவதில்லை. மங்கிலே வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது பங்குதான் ரப்பர். அதை ஆலையிலே சுழற்றி அறுபது பங்காகச் செறிவூட்டி, பின்பு கையுறையாகவும் குழாயாகவும் ஆக்கும்போது, ஒவ்வொரு படியிலும் இலாபம் கூடுகிறது. ஐவரி கோஸ்ட் உலகிலேயே மிகுதியாகக் கோகோ விளைவிக்கிறது. சாக்லேட்டின் பெரும் இலாபமோ ஐரோப்பாவில் தங்குகிறது. இதை உணர்ந்துதான் இந்தோனேசியா 2020-இல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடை செய்து, உள்நாட்டில் ஆலைகளை வரவழைத்தது.

ஆகவே ஆலைகள் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. தீபகற்ப மலேசியாவில் 1970-இல் நூறு குடும்பங்களில் 49 குடும்பங்கள் வறுமையில் இருந்தன என்றும், 1990-இல் அது ஏறக்குறைய 15 ஆகக் குறைந்தது என்றும் அரசாங்கக் கணக்கு கூறுகிறது. தொழில் வளர்ச்சி இதற்குப் பெருந்துணை புரிந்தது என்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்கமாட்டார்.

ஆனால் அந்த வளர்ச்சி நம் லயத்து வாசலுக்கு எப்படி வந்தது? நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களைப் பாருங்கள். தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டையும் புதுநகரும் நிற்கின்றன. நிலத்தின் மதிப்பு பன்மடங்கு ஏறிற்று. அந்த நிலத்தைக் காடழித்துத் தோட்டமாக்கியவரின் பேரப்பிள்ளைக்கு அதில் பங்கு எவ்வளவு?

தோட்டத் தொழிலாளியின் வீடு அவன் வேலையோடு கட்டப்பட்டது. தோட்டம் கைமாறினால் ஒரே நாளில் இரண்டும் போகும். 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு நட்டஈட்டு விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு மரம் சீவியவருக்கு 600 நாள் சம்பளம்! வீட்டைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. இந்தப் பணத்தில் வாடகை கொடுப்பதா, பிள்ளையைப் படிக்க வைப்பதா?

ஆலைக்குள் போனாலும் வறுமை தானாக நீங்குவதில்லை. உலகுக்கே கையுறை செய்து தரும் நாடு நம்முடையது. ஆனால் 2020, 2021 ஆண்டுகளில், கட்டாய உழைப்பு நடப்பதாகக் கூறி அமெரிக்கச் சுங்கத்துறை சில மலேசியக் கையுறைக் கம்பெனிகளின் சரக்கைத் தடுத்து நிறுத்தியது. அங்கே அவதிப்பட்டவர்கள் நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கடன்பட்டு வந்த தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்த கதையை அறிந்தவர்களுக்கு அவர்களின் நிலை விளங்காமல் போகுமா? அவர்களைக் குறைகூலிக்கு வைத்திருக்கும்வரை நம் கூலியும் உயராது.

ஆகவே நமது கோரிக்கை மூன்று. தோட்ட நிலம் தொழிலுக்கோ வீடமைப்புக்கோ மாற்றப்படுமானால், மண்வாரி இயந்திரம் வருமுன்பே அந்த நிலத்திலேயே தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும். அங்கே எழும் ஆலைகளில் தோட்டப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு தொழிற்பயிற்சியும் வேலையும் வேண்டும். உள்நாட்டாரோ வெளிநாட்டாரோ, ஒரே வேலைக்கு ஒரே சம்பளமும் சங்கத்தில் சேரும் உரிமையும் வேண்டும்.

தோழர்களே! நிலம் விற்பனையான பிறகு கூடி அழுவதில் பயனில்லை. உங்கள் தோட்டம் கைமாறப் போவதாகச் செய்தி காதில் விழுந்த அன்றே கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். வீடு வீடாகப் பெயரையும், வேலை செய்த ஆண்டுகளையும், பிள்ளைகளின் படிப்பையும் எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசைக்குப் போகிறவர் கையில் அந்தப் பட்டியல் இருக்கட்டும்.