முட்டைக்குள் என்ன இருக்கிறது?



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அக்குறணையைச் சேர்ந்த ஒரு தாய், தம் பன்னிரண்டு வயது மகனுடன் என்னைக் காண வந்தார். பிள்ளையின் வாப்பா கத்தாரில் இருக்கிறார். அவர் வியர்வை சிந்தி அனுப்பிய பணத்திலிருந்து ஒரே மாதத்தில் 18,000 ரூபாய் கரைந்துவிட்டது. உம்மாவின் தொலைபேசியில் மகன் 'போக்கிமொன் கோ' விளையாடியிருக்கிறான். "ஹஸரத், இந்த விளையாட்டு ஹராமா, ஹலாலா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல இயலவில்லை. ஏனெனில் போக்கிமொன் என்பது ஒரு விளையாட்டல்ல. சுமார் முப்பது வருடங்களாக உருமாறி வந்த ஒரு தொடர்.

1996 பெப்ரவரியில் ஜப்பானில், நின்டெண்டோவின் 'கேம் போய்' எனும் கையடக்கக் கருவிக்கு அது முதலில் வெளிவந்தது. அதனைப் படைத்த சட்டோஷி டஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பிரியம் கொண்டவர். அந்த இன்பத்தையே விளையாட்டாக்கினார். பிள்ளை ஒரு பயணியாகி, ஊர் ஊராகச் சென்று 151 கற்பனைப் பிராணிகளைத் தேடுவான். சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள். ஒன்றிலுள்ள சில பிராணிகள் மற்றதில் கிடையா. ஆகவே நண்பனின் அருகே அமர்ந்து, இரு கருவிகளையும் கம்பியால் இணைத்துப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒருமுறை விலை கொடுத்தால் போதும். கதைக்கும் ஒரு முடிவு இருந்தது.

அதிலும் குறை உண்டு. கதைக்குள்ளே ஒரு சூதாட்ட அறை இருந்தது. புழங்கியது விளையாட்டுக் காசுதான். 2001 இல் சவூதி அரேபியாவில் போக்கிமொனுக்கு எதிராக ஃபத்வா வெளியானபோது, சூதுக்கு ஒப்பானது என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2010 இல் வந்த பதிப்பில் அந்த அறை இல்லை.

ஆனால் வாசலால் போனது ஜன்னலால் நுழைந்தது. 2016 ஜூலையில் 'போக்கிமொன் கோ' தொலைபேசிக்கு இலவசமாக வந்தது. பிள்ளைகளை வெளியே நடக்க வைத்தது அதன் நன்மை. ஆனால் அதிலே முட்டைகள் உண்டு. நடந்தால் பொரிக்கும், பல முட்டைகளை ஒன்றாகப் பொரிக்க வைக்கும் கருவிகளை நிஜப் பணத்துக்கு வாங்கலாம். எந்தப் பிராணி வரும் என்பது பொரிக்கும்வரை நிச்சயமில்லை. கதைக்கு முடிவும் இல்லை. 2024 ஒக்டோபரில் வந்த இதே பெயருடைய அட்டை விளையாட்டிலும், பொதியைப் பிரிக்கும்வரை உள்ளிருப்பது தெரியாது.

மகனிடம் கேட்டேன்: "ஏன் நிறுத்தவில்லை?" தலைகுனிந்தவாறு, "அடுத்த முட்டையில் வரும் என்று நினைத்தேன்" என்றான்.

சகோதரிகளே, சூதாடுபவன் சொல்லும் வார்த்தையும் இதுவேதான்! விளையாட்டுக்குள் பணத்துக்கு விற்கும் மர்மப் பெட்டிகளைச் சூதாட்டமென 2018 இல் பெல்ஜியம் அறிவித்தது. நமக்கோ ஸூரத்துல் மாஇதாவின் 90, 91 ஆம் வசனங்கள் என்றோ எச்சரித்துவிட்டன. சூது பகைமையை மூட்டும், தொழுகையை விட்டும் தடுக்கும் என்று காரணத்தையும் அவை கூறுகின்றன.

ஆகவே அந்தத் தாயிடம் இப்படிச் சொன்னேன்: தொழுகைக்கும் பாடத்துக்கும் இடையூறின்றி, நேரம் குறித்து விளையாடும் கதை விளையாட்டை நான் ஹராம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்ன கிடைக்குமென்று தெரியாத பொருளுக்குப் பணம் கட்டுவது சூதின் சாயலுடையது. அதனை அறவே விட்டுவிடுங்கள்.

நீங்களும் இன்றே மூன்று காரியங்கள் செய்யுங்கள். தொலைபேசியில் பதிந்திருக்கும் வங்கி அட்டையை நீக்குங்கள். எதை வாங்கினாலும் இரகசிய இலக்கம் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். பிள்ளையின் அருகே கால்மணி நேரம் அமர்ந்து, "மகனே, இது எங்கே முடியும்?" என்று கேளுங்கள். முடிவில்லாத விளையாட்டுக்கு நாம்தான் முடிவு வைக்க வேண்டும்.

அன்றிரவே அந்தப் பிள்ளை கத்தாருக்கு அழைப்பெடுத்து, வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டானாம். 18,000 ரூபாயை விடப் பெறுமதியானது அது. அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.