வீல் நட் கழலாவிட்டால் யார் குற்றம்?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நடுவழியில் பஞ்சர் ஆவதை விட வீல் நட் கழலாமல் அடம்பிடிப்பதுதான் பெரிய தலைவலி.

வழக்கமான வைத்தியம் என்ன? வீல் ஸ்பேனரில் ஒரு நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, அதன் மேல் கிளீனர் ஏறிக் குதிப்பார். நட் அசைந்தால் சரி. ஸ்பேனர் நழுவினால் தார் ரோட்டில் விழ வேண்டியதுதான். பக்கத்திலேயே வண்டிகள் பறந்துகொண்டிருக்கும்!

ஒரு சின்னக் கணக்கு. 65 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்றடிப் பைப்பின் நுனியில் சும்மா நின்றாலே சுமார் 580 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். கனரக லாரிகளில் பரவலாக இருக்கும் 22 மி.மீ. போல்ட்டின் நட்டை முறுக்கச் சொல்லும் அளவே கிட்டத்தட்ட 600தான். அதாவது, சரியாக முறுக்கிய நட்டை ஒரே ஆள், குதிக்காமலேயே கிட்டத்தட்ட அசைத்துவிடலாம். இரண்டு பேர் குதித்தும் அசையவில்லையா? ஒன்று துருப்பிடித்திருக்கிறது. இல்லையென்றால் கடைசியாக முறுக்கியவர் ஏர் கன்னை வைத்து அளவே பார்க்காமல் அடித்திருக்கிறார்.

'டைட்டா இருந்தா நல்லதுதானே' என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட் இழுபட்டு நீண்டுவிடும், பிடிப்பு போய்விடும். ஒரு போல்ட் உடைந்தால் அதன் சுமை பக்கத்துப் போல்ட்களில் ஏறும். கடைசியில் சக்கரமே கழன்று ஓடலாம்.

மாட்டிக்கொண்ட நட்டுக்கு முறையான வழி இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஜாக்கி ஏற்றுவதற்கு முன், கட்டை வைத்துவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். துரு இருந்தால் மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை இருக்கும். அதைக் கவனிக்காமல் திருப்பினால் இன்னும் இறுகும். கேஸ் வைத்துச் சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது. காற்றுள்ள டயர் சூட்டில் வெடித்தால் ஆளையே கொன்றுவிடும்.

கியர் வைத்த முறுக்குப் பெருக்கி என்று ஒரு கருவி உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் போதும், ஒரே ஆள் அலுங்காமல் நட்டைக் கழற்றிவிடலாம். கடைசியில் அளவு பார்த்து முறுக்க டார்க் ரெஞ்ச் உண்டு. சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்கவும் அதுதான் வேண்டும்.

ஆனால் இவை எத்தனை லாரிகளில் இருக்கின்றன? முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் கருவியின் விலை செலவாக ஏறும். கிளீனரின் முதுகுவலி எந்தப் பக்கத்திலும் ஏறாது. அதனால்தான் பைப் மலிவாகத் தெரிகிறது.

லட்சக்கணக்கில் டயருக்குச் செலவழிப்பவர்கள், அதைக் கழற்றும் மனிதனுக்கும் கொஞ்சம் செலவழிக்கட்டுமே!