அறியா வினாவுக்கு ஆயத்த விடை

ஆங்கிலக் கட்டுரைத் தாள்களைத் திருத்துவோர் ஆண்டுதோறும் பாடும் பல்லவி ஒன்றுண்டு: ‘பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை.’ வராதது ஆங்கிலமா, வினாவைப் படிக்கும் பழக்கமா என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருமை பன்மைப் பிழையைச் சிவப்பு மை உடனே வட்டமிடும். வினாவையே தவறவிட்ட கட்டுரையோ பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாமல் கரையேறிவிடும்.

பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. விடை தெரிந்தவர், பிறருக்கு அது தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா; தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினாவுக்கு எடுத்துக்காட்டு என்றே வகுப்பறையில் சொல்லப்படுகிறது. ஆண்டையும் பெயரையும் கேட்கும் வினாவுக்கு அது பொருந்தும். ‘இக்கருத்துடன் எந்த அளவுக்கு உடன்படுகிறீர்?’ என்று கேட்பவருக்கு எழுதுபவரின் மனம் எப்படித் தெரியும்? கட்டுரை வினா அறியா வினா. அதற்கு விடைக்குறிப்பு தயாரித்து, குறிப்பிலுள்ள ஐந்து கருத்துகள் தாளில் இருக்கின்றனவா என்று எண்ணித் திருத்துவது அதை அறிவினாவாக்கிவிடுகிறது. பிழை தொடங்கும் இடம் இதுவே.

நகரிக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டிய விஜயபுரத்தில், வீட்டில் தமிழும் வெளியே தெலுங்குமாக வளரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளலாம். ‘தொழில்மயமாதல் கிராமங்களுக்கு நன்மையே செய்கிறது, எந்த அளவுக்கு உடன்படுகிறீர்?’ என்பது அவள்முன் வைக்கப்படும் ஆங்கில வினா. நகரி, புத்தூர் வட்டாரத்து விசைத்தறிகளை அவள் அறிவாள்; ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோரையும் அறிவாள். எதுவரை சரி, எந்த இடத்தில் சரியில்லை, அந்தக் கோட்டை அங்கே ஏன் இழுக்க வேண்டும் என்பதைத்தான் ‘எந்த அளவுக்கு’ என்ற தொடர் கேட்கிறது. அவள் எழுதுவதோ, கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்த ‘தொழில்மயமாதலின் நன்மைகளும் தீமைகளும்’. இலக்கணப் பிழை இராது. வினாவுக்கு விடையும் இராது. நல்ல மதிப்பெண் மட்டும் வந்துவிடும். வினாவைப் படிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குக் கற்பித்தது அந்த மதிப்பெண்தான்.

சில ஆண்டுகள் கழித்து அதே மாணவி வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறாள். அங்கே கட்டுரைக்கு அளவுகோல்கள் நான்கு. கேட்டதற்கெல்லாம் விடை உண்டா என்பது, சொல்வளத்துக்கும் இலக்கணத்துக்கும் நிகராகக் கால் பங்கு பெறுகிறது. ‘இரு தரப்பையும் விவாதித்து உம் கருத்தையும் கூறுக’ என்றால் கடமை மூன்று. இரண்டோடு நிறுத்தியவள் பிடிபடுகிறாள். ஜிஆர்இ தேர்வோ தன் கட்டுரைத் தலைப்புகளின் தொகுப்பையே முன்கூட்டி வெளியிட்டுவிடுகிறது. கூற்றின்கீழ் வரும் கட்டளை மட்டும் வெவ்வேறாக அமையும். கட்டணத்தில் ஈவிரக்கமற்ற இந்தத் தேர்வு வணிகத்தைப் புகழ வேண்டியதில்லை. ஆயினும் எதை அளக்கிறோம் என்பதை அது வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அளக்கிறது.

2019 நவம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எந்த மொழியில் கற்பிப்பது என்ற அந்த வழக்கு முக்கியமானதே. எந்தப் பக்கம் வென்றாலும் கையேடு மட்டும் தோற்காது.

‘லட்சக்கணக்கான தாள்களைப் பொதுக்குறிப்பு இல்லாமல் எப்படித் திருத்துவது?’ என்பது வழக்கமான மறுப்பு. பொதுக்குறிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது கருத்துகளின் பட்டியலாக இராமல், எழுதுபவர் செய்ய வேண்டிய செயல்களின் பட்டியலாக இருக்கட்டும்: நிலைப்பாடு எடுத்தாரா, எல்லை வகுத்தாரா, மாற்றுத் தரப்பை எதிர்கொண்டாரா. இதைச் செய்யவிடாமல் தடுப்பது தாள்களின் எண்ணிக்கையன்று, வினா எழுதுவோரின் சோம்பல். ஐந்து வினாக்களுக்கும் ‘டிஸ்கஸ்’ என்று வால் ஒட்டும் பேராசிரியரிடம், ‘எக்ஸாமின்’, ‘எவால்யுவேட்’ ஆகியவற்றிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்டால் அவருடைய விடையையும் ‘பொருத்தமில்லை’ என்றே குறிக்க நேரலாம். தமிழ்த் தாள்களில் ‘விளக்குக’, ‘ஆராய்க’, ‘மதிப்பிடுக’ படும் பாடும் இதுவே.

வினாத்தாள் குழுவில் அமர்வோர், தாம் எழுதிய ‘டிஸ்கஸ்’ எதைச் செய்யச் சொல்கிறது என்பதை விடைக்குறிப்பின் முதல் வரியில் எழுதட்டும். எழுத இயலாவிடில் அந்த வினாவை நீக்கிவிடட்டும்.