எய்தவன் இருக்க அம்பை நோவதோ?

மலிவு என்னுஞ் சொல்லுக்கு மயங்காத மாந்தர் உலகில் அரியர். ஒரு காசு குறைந்தால் ஒரு தெரு தாண்டுவதும், பத்துக் காசு குறைந்தால் ஓர் ஆறு தாண்டுவதும் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. ஆயின், ஒருவர்க்கு மலிவாய்க் கிடைப்பது மற்றொருவர்க்குக் கிட்டாப் பொருளாகி விடுமானால், அங்கே வணிகம் வணிகமாய் நில்லாது, ஊர்ப்பகையாய் முற்றும். ஆங்காங்கின் வடவெல்லையை அடுத்துள்ள சியுங் சூய் என்னும் ஊர் இதற்குக் கண்கூடான சான்றாகும்.

சீனத்தின் சென்சென் மாநகரை நோக்கிச் செல்லும் தொடர்வண்டிப் பாதையில், எல்லையை நெருங்கிய ஊர் சியுங் சூய். அடுத்துள்ள லோ வூ நிலையத்தில் இறங்கினால் எல்லைச் சாவடி. 1997ஆம் ஆண்டில் ஆங்காங் சீனத்தின் கீழ் வந்தது எனினும், அதன் நாணயமும் சுங்கமும் தனித்தே இயங்குகின்றன. ஆங்காங்கில் விற்பனை வரி இல்லை. சீனப் பெருநிலத்திலோ மதிப்புக் கூட்டு வரி உண்டு. ஆகவே எல்லைக்கோட்டின் இருமருங்கும் ஒரே பொருளுக்கு இரு விலைகள் நின்றன. நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோல் வாங்குவோர் கூட்டம் விலை தாழ்ந்த பக்கம் பாய்ந்தது. 2003 சூலையில் பெருநில மக்கள் தனித்தனியே ஆங்காங் செல்ல இசைவு வழங்கப்பட்டது. 2009 ஏப்பிரலில், சென்செனின் நிலைக்குடியினர் ஓராண்டில் எத்தனை முறையும் வந்து செல்லலாம் என மதகு முழுதும் திறக்கப்பட்டது.

இதனிடையே 2008ஆம் ஆண்டில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. சீனத்தில் நீர் கலந்த பாலின் புரத அளவை ஆய்வில் மிகுத்துக் காட்டுதற்காக, மெலமின் என்னும் வேதிப்பொருளைக் கலந்தனர் பொருள் வெறியர். அப்பாலாற் செய்த மாவை உண்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் உண்டாயிற்று. அறுவர் மாண்டனர், ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் நோயுற்றனர். தன் நாட்டுப் பால்மாவைத் தன் குழந்தைக்கு ஊட்ட அஞ்சிய தாய், எல்லை கடந்த கடையை நாடினாள். அவளைக் குறை கூற எவர்க்கு வாயுண்டு?

ஆனால், அத்தாயின் அச்சத்தை முதலாக்கிக் கொள்ளை ஊதியம் பார்க்க மற்றொரு கூட்டம் முளைத்தது. நாளொன்றுக்குப் பன்முறை எல்லை கடந்து, உருளைப் பெட்டிகளிற் பால்மாவும் அணையாடையும் கைப்பேசியும் ஏற்றிச் சென்று விற்போர் அவர். கண்டோனிய மொழியில் அவர்க்கு 'நீர்விருந்தினர்' எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. அவருட் பெருநிலத்தார் மட்டுமல்லர், ஆங்காங் வாழ்நரும் பலர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

விளைவு என்ன? சியுங் சூய் நடைபாதைகள் பொட்டலங் கட்டும் களங்களாயின. உள்ளூர்த் தாய்மார் கடை கடையாய் அலைந்தும் பால்மாவு கிட்டவில்லை. கடை வாடகை ஏறியது. நாள்வாழ்வுக்கு வேண்டிய சிறுகடைகள் மறைந்து, பால்மாவும் ஒப்பனைப் பொருளும் விற்கும் மருந்துக்கடைகள் பெருகின. மரபெழுத்தால் எழுதிவரும் ஆங்காங் மக்களின் கடைத்தெருக்களிற் பெருநிலத்தின் சுருக்கெழுத்துகள் தோன்றின. கண்டோனியம் பேசிய விற்பனையாளர் வாயில் மாண்டரின் முந்தியது. எந்த ஊரிலும் வாங்குவோன் மொழியே கடையின் மொழியாகும். கடையின் மொழி மாறினால் தெருவின் மொழி மாற நெடுநாள் ஆகாது. மொழியுணர்வுடையார் இதனைச் சிறு செய்தியெனத் தள்ளார்.

2012 செப்தம்பரில் சியுங் சூய் மக்கள் தெருவில் இறங்கினர். 2013 மார்ச்சு முதல் நாளன்று, பதினாறு அகவை நிரம்பிய ஒருவர் 24 மணி நேரத்துள் 1.8 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைப் பால்மாவை வெளிக்கொண்டு செல்லலாகாது என ஆணை பிறந்தது. மீறுவோர்க்கு 5,00,000 ஆங்காங் வெள்ளி வரை தண்டமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்கலாம். 2015 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் துயென் முன், சா தின், யூன் லாங் ஆகிய ஊர்களிலும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் சென்செனின் நிலைக்குடியினர்க்குக் கிழமைக்கு ஒரு முறையே வரலாம் எனும் வரம்பு வந்தது.

வருவோரால் ஊருக்கு வருமானம். பின் ஏன் கூச்சல் என்று கேட்போர் உளர். வருமானம் எவர் பைக்குப் போயிற்று? கட்டட உடைமையர்க்கும் பெருங்கடைக்காரர்க்கும் போயிற்று. பால்மாவின்றித் தவித்த தாய்க்கு என்ன வந்தது? தன் சந்தையில் தன் மக்களுக்கு முதலிடம் வேண்டும் என்று ஓர் ஊர் கேட்பது பேராசையன்று, அஃது உரிமை. அம்மட்டில் அம்மக்கள் சினம் முறையானதே.

ஆயினும் அச்சினம் சென்று பாய்ந்த இடம் முறையானதன்று. 2012 பிப்ரவரியில், பெருநில மக்களை வெட்டுக்கிளியாய்ச் சித்திரித்து நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியாயிற்று. 2015 மார்ச்சில் கிளர்ச்சியாளர் சிலர் ஒரு தாயைச் சூழ்ந்து கூச்சலிட, உடன்வந்த சிறுமி அஞ்சி அழுதாள். மாந்தரைப் பூச்சியென்பதும், குழந்தையை அழவைப்பதும் உரிமைப் போர் ஆகா. தன் இனத்தைப் போற்றுதல் வேறு; பிற இனத்தைத் தூற்றுதல் வேறு. இரண்டையும் ஒன்றாய்க் குழப்புவோர் தம் நேர்மையான வழக்கைத் தாமே கெடுத்துக் கொள்வர். அந்த ஒரு சிறுமியின் கண்ணீர், ஓர் ஊரின் பல்லாண்டுத் துயரைப் பிறர் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

எய்தவன் இருக்க அம்பை நோவதோ? பாலில் நஞ்சு கலந்தவனும், அதனைத் தடுக்கத் தவறிய ஆட்சியும் எய்தவர். ஒரு சிறு நகரம் எத்தனை பேரைத் தாங்கும் என்று அந்நகரத்தாரைக் கேளாமலே மதகைத் திறந்தோர் எய்தவர். மண்ணை ஏலப்பொருளாக்கி வாடகையை உயர்த்தினோர் எய்தவர். பெட்டி இழுத்து வந்தோர் வெறும் அம்பே.

இன்று அம்பு திசைமாறிவிட்டது. கொள்ளை நோயால் மூடப்பட்ட எல்லை 2023ஆம் ஆண்டில் மீளத் திறந்தபின், ஆங்காங் மக்களே விடுமுறை நாள்களிற் சென்செனுக்குத் திரண்டு செல்கின்றனர். உணவும் பல் மருத்துவமும் அங்கே மலிவு. 2024 சனவரியில் ஓர் அமெரிக்கப் பெருங்கடையும் அங்கே திறக்கப்பட்டது. ஆங்காங்கின் உணவகங்களும் சிறுகடைகளும் வாங்குவோரின்றி வாடுகின்றன. 'வாராதீர்' என்ற குரல் எழுந்த நகரில் இன்று 'போகாதீர்' என்ற குரல் கேட்கின்றது. 2024 திசம்பரில், சென்செனார் எத்தனை முறையும் வரலாம் என்னும் பழைய ஏற்பாடும் திரும்பிவிட்டது. நேற்று வெட்டுக்கிளி எனப் பழிக்கப்பட்டவர் இன்று விருந்தினராய் அழைக்கப்படுகின்றார். நேற்றுப் பழித்தவரோ இன்று தாமே பெட்டி இழுக்கின்றார்.

இதனாற் புலனாவது என்ன? மலிவுக்கு இனமில்லை, மொழியில்லை, நன்றியுமில்லை. இன்று இக்கரையை நிறைத்து நாளை அக்கரைக்கு ஓடும். அதனை நம்பி வாழும் ஊர் ஒருநாள் நெரிசலால் நோகும்; மறுநாள் வெறுமையால் நோகும். தன் சந்தையின் மதகைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பெற்ற ஊரே இரண்டு நோவுக்கும் தப்பும். அவ்வுரிமை இல்லாத மக்கள், தம்மைப் போன்றே உரிமையற்ற மற்றொரு மக்களைப் பகைப்பதால் ஒரு குவளைப் பால்மாவும் மீளக் கிட்டாது. கேட்க வேண்டியதை, கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய முறையிற் கேட்பதே ஆண்மை. அதுவே அறமும் ஆகும்.