தங்கத்தின் ஒளியில் மறைந்த தழும்பு

2018-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள், 17-ஆம் நாள். தென் கொரிய நாட்டின் ஜின்சியோனில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்குக் குடியரசுத் தலைவர் மூன் ஜே-இன் வருகை தருகிறார். பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்க இன்னும் நான்கு வாரங்கள்கூட இல்லை. வீரர்களைக் கண்டு வாழ்த்துக் கூற வந்திருக்கிறார் நாட்டின் தலைவர். ஆனால், அணிவகுப்பில் ஒரு முகத்தைக் காணோம். ஷார்ட் டிராக் எனப்படும் குறுந்தடச் சறுக்கோட்டத்தின் முன்னணி வீராங்கனை ஷிம் சுக்-ஹீ எங்கே? அவருக்குச் சளிக்காய்ச்சல் என்று விடை தரப்பட்டது.

காய்ச்சலாம்! முதல் நாள்தான் அந்தப் பெண்ணைப் பயிற்சியாளர் சோ ஜே-பியோம் அடித்து நொறுக்கியிருந்தார். அடி தாளாமல் பயிற்சி மையத்தை விட்டே வெளியேறியிருந்தார் அந்தப் பெண். அதைச் சொன்னால் திருவிழாக் கோலம் கலைந்துவிடும், மேளம் நின்றுவிடும், மேலோர் முகம் சுளிப்பர். ஆகவே, அடிபட்டவர் நோயாளி ஆக்கப்பட்டார்!

தோழர்களே, பாண்டியன் அவையிலே கண்ணகி சிலம்பை உடைத்தாள். உள்ளிருந்து தெறித்த பரல் உண்மையைச் சொன்னது. பிழை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். ஜின்சியோனில் என்ன நடந்தது? சிலம்பு அவைக்கு வந்தால்தானே உடையும்? சிலம்பையே ஒளித்து வைத்துவிட்டார்கள்!

ஓர் ஊரில் ஒரு பயிற்சியாளன் கொடியவன் என்பதோடு முடிந்துவிடும் கதையா இது? அன்று, அன்று! பதக்கம் ஒன்றையே தெய்வமாக்கி, அதற்குப் பிள்ளைகளைப் பலியிடத் துணிந்த ஓர் ஆட்சிமுறையின் கதை. அதைத்தான் இங்கே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறோம்.

குறுந்தடச் சறுக்கோட்டம் என்பது என்ன? 111.12 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டம். கூரிய அலகு பூட்டிய காலணிகளோடு பலர் ஒன்றாகப் புறப்படுவர். வளைவிலே உடல் தரையோடு தரையாகச் சாயும். இடக்கை விரல்நுனி பனியைத் தொட்டுச் செல்லும். 500 மீட்டர் என்றால் நான்கரைச் சுற்று. 1000 மீட்டர் என்றால் ஒன்பது சுற்று. கடிகாரத்தோடு போட்டியிடும் நெடுந்தட ஓட்டம் போன்றதன்று இது. ஆளோடு ஆள் மோதும் களம். உள்பக்கம் ஒரு சாண் இடம் கிடைத்தால் முந்தலாம். ஓர் அங்குலம் பிசகினால் மூவரையும் இழுத்துக்கொண்டு மெத்தைச் சுவரில் மோதலாம்.

1988-இல் கால்கரியில் காட்சிப் போட்டியாக வந்து, 1992-இல் ஆல்பர்ட்வில்லில் முறையான ஒலிம்பிக் போட்டியாயிற்று. அந்த ஆண்டே கிம் கி-ஹூன் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தென் கொரியா கண்ட முதல் தங்கம் அது. அதிலிருந்து 2022 வரை அந்நாடு வென்ற குளிர்காலத் தங்கம் 33. அவற்றுள் 26 இந்த ஒரே விளையாட்டில் வந்தவை! உழைப்பின் உச்சம், உறுதியின் வெற்றி. அந்த மக்களின் பெருமிதத்தை நாம் பழிக்கவில்லை. அந்தப் பெருமிதத்தை முதலாக வைத்து வாணிபம் நடத்தியவர்களைத்தான் பழிக்கிறோம்.

பெருமிதம் புண்பட்டபோது அந்நாடு எப்படிக் கொதித்தது தெரியுமா? 2002, சால்ட் லேக் சிட்டி. 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் முதலில் வந்த கிம் டோங்-சுங், வழிமறித்தார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் அமெரிக்கர் அப்போலோ ஓனோவுக்குப் போயிற்று. கொரியாவில் எழுந்த சீற்றத்துக்கு எல்லை இல்லை. ஆயிரக்கணக்கான கண்டன மின்னஞ்சல்கள் குவிந்து அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் கணினியே முடங்கியது. அதே ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராகக் கோல் அடித்த ஆன் ஜுங்-ஹ்வான், புல்தரையிலே சறுக்கோட்ட வீரனைப்போல் அபிநயம் பிடித்துக் காட்டினார். அரங்கம் அதிர்ந்தது!

2022, பெய்ஜிங். 1000 மீட்டர் அரையிறுதியில் ஹ்வாங் டே-ஹியோனும் லீ ஜுன்-சியோவும் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். சீன வீரர்கள் இறுதிக்குச் சென்றனர். மீண்டும் கொதிப்பு; முறையீடு; பன்னாட்டு நடுவர் மன்றம் வரை செல்வோம் என்ற முழக்கம்.

நடுவர் பிழை செய்திருந்தால் அதை எதிர்த்துக் குரல் கொடுப்பது முறையே. ஆனால், ஒன்று கேட்கிறேன். அந்நிய நடுவர் ஒரு பதக்கத்தைப் பறித்தார் என்றதும் மலைபோல் எழுந்த சங்கத் தலைவர்களே! சொந்தப் பயிற்சியாளன் ஒரு சிறுமியின் இளமையைப் பறித்தபோது உங்கள் குரல் எங்கே போயிற்று? ஒரு நொடிப் பிழைக்கு ஊரைக் கூட்டிய நீங்கள், ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமைக்கு ஏன் உதட்டைத் தைத்துக்கொண்டீர்கள்?

விடை அவர்கள் வாயிலிருந்து வராது; அமைப்பு முறையை ஆராய்ந்தால் வரும்.

தென் கொரியாவில் ஆடவர்க்குக் கட்டாய இராணுவப் பணி உண்டு. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஆடவர்க்கோ அதிலிருந்து விலக்கு உண்டு. பதக்கத்துக்கு ஓய்வூதியமும் உண்டு. ஆகவே, தேசிய அணியில் இடம் என்பது வெறும் விளையாட்டுச் சட்டையன்று, வாழ்க்கைக்கே திறவுகோல். அந்தத் திறவுகோல் எவன் இடுப்பில் தொங்குகிறதோ, அவனே ஆண்டவன்! யாரை அணியில் எடுப்பது, எந்த ஓட்டத்தில் இறக்குவது என்பதையெல்லாம் ஒரு சிறு வட்டம் முடிவு செய்யுமானால், அந்த வட்டத்தை எதிர்த்து எந்தப் பிள்ளை பேசும்? எந்தப் பெற்றோர் பேசுவர்?

அந்த வட்டமாவது ஒன்றாக இருந்ததா? அதுவும் இல்லை! தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் ஒரு கோஷ்டி. சாராதோர் மறு கோஷ்டி. 2006, டூரின் ஒலிம்பிக். ஒரே நாடு, ஒரே கொடி. ஆனால், அணிக்குள் இரண்டு முகாம். ஆடவர் அணியின் ஆன் ஹியூன்-சூ, மகளிர் அணியின் பயிற்சியாளரிடம் பயிற்சி பெற வேண்டிய நிலை! அந்த நிலையிலும் அவர் மூன்று தங்கமும் ஒரு வெண்கலமும் வென்று வந்தார்.

2010, வான்கூவர். 1500 மீட்டர் இறுதி ஓட்டம். முதல் மூன்று இடத்திலும் கொரியரே. எல்லைக்கோடு கண்ணெதிரே. கடைசி வளைவில் லீ ஹோ-சுக், தம் நாட்டவரான சுங் சி-பாக்கை உள்பக்கமாக முந்த முயன்றார். இருவரும் மோதி வீழ்ந்தனர்! வெள்ளியும் வெண்கலமும் அமெரிக்கர் மடியில் விழுந்தன. விளையாட்டிலே வீழ்ச்சி இயல்பு. அந்த இளைஞரைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால், நாடகம் எழுதுகிறவன் ஒருவன் இப்படி ஒரு காட்சி அமைத்திருந்தால், உட்பகையைக் காட்ட இவ்வளவு செயற்கை வேண்டுமா என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

அந்த ஓட்டத்தில் தங்கம் வென்றவர் லீ ஜுங்-சூ. 1000 மீட்டரிலும் அவருக்கே தங்கம். அடுத்த மாதம் உலகச் சாம்பியன் போட்டி. தனிநபர் ஓட்டங்களில் அவர் இறங்கவில்லை. கணுக்காலில் காயம் என்று சொன்னார்கள். காயமா? இல்லை, பயிற்சியாளரின் வற்புறுத்தல் என்பது பின்னர் நடந்த தணிக்கையிலே அம்பலமாயிற்று. முந்திய ஆண்டின் தேர்வுப் போட்டியிலே வீரர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு ஓடியதும் உடன் வெளிவந்தது. வீரர்கள் மீதும் தடை பாய்ந்தது. அன்று கணுக்கால், பின்னாளில் காய்ச்சல்! ஏற்பாடு செய்தவர்கள் எழுதித் தந்த வசனம்தான் எவ்வளவு ஒன்றுபோல இருக்கிறது, பாருங்கள்!

"அடியாத மாடு படியாது" என்று இந்த முறைக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. கடுமை இல்லாமல் தங்கம் ஏது, கோல் இல்லாமல் குரங்கு ஆடுமா என்று கேட்போர் உண்டு. மாடும் குரங்கும்தான் இவர்கள் நினைவுக்கு வருகின்றன. மனிதப் பிள்ளை வரவில்லை!

இவர்களுக்கு விடை தர நீதி நூல்களைப் புரட்டவேண்டிய தேவையில்லை. பதக்கப் பட்டியலே போதும். 2008-இல் முழங்காலில் பெருங்காயம் பட்டார் ஆன் ஹியூன்-சூ. வான்கூவர் அணியில் இடம் கிடைக்கவில்லை. அவரை வைத்திருந்த சியோங்னாம் நகர அணியும் கலைக்கப்பட்டது. தொடர்ந்து ஓட இடம் தேடிய அவர் 2011-இல் ரஷ்யக் குடிமகன் ஆனார். விக்டர் ஆன் என்று பெயர் பூண்டார். 2014, சோச்சி. 500 மீட்டர், 1000 மீட்டர், தொடரோட்டம் என மூன்று தங்கம். 1500 மீட்டரில் வெண்கலம். அத்தனையும் ரஷ்யக் கொடியின் கீழ்! அதே சோச்சியில் கொரிய ஆடவர் அணி பெற்ற பதக்கம் எத்தனை? ஒன்றுகூட இல்லை! கோலெடுத்து ஆட்டியவர்கள் கை வெறுங்கை. கைவிடப்பட்டவன் கழுத்திலே தங்கம். அவர் போனதற்குக் கோஷ்டிப் பூசல் ஒன்றுதான் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால், விளையாட்டு உலகின் முறைகேடுதான் அவரை விரட்டியதோ என்று அன்றைய குடியரசுத் தலைவர் பார்க் குன்-ஹே அம்மையாரே வெளிப்படையாகக் கேட்க நேர்ந்ததே!

சோச்சியிலே கொரியாவின் மானம் காத்தவர்கள் மகளிர். தொடரோட்டத் தங்கத்தில் பங்கு, 1500 மீட்டரில் வெள்ளி, 1000 மீட்டரில் வெண்கலம் என்று மூன்று பதக்கம் கொணர்ந்த 17 வயதுப் பெண் யார்? ஷிம் சுக்-ஹீ! நாடு அவரை மாலை சூட்டி வரவேற்ற அந்த ஆண்டிலேயே, பயிற்சியாளர் அவர் மீது பாலியல் வன்கொடுமையைத் தொடங்கிவிட்டார் என்பது பின்னர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. மேடையிலே மலர்க்கொத்து, திரைக்குப் பின்னே நரகம். பூங்கொத்து நீட்டிய பெரியவர்களில் ஒருவரேனும் திரையை விலக்கிப் பார்த்தாரா?

2019 ஜனவரியில் அந்தப் பெண்ணே வாய் திறந்தார். எத்தனை துணிவு வேண்டும் அதற்கு! ஆயிரம் ஆண்கள் அமர்ந்த சங்கங்கள் செய்யாததை ஒரு பெண்ணின் குரல் செய்தது. அடித்த குற்றத்துக்கு முன்னரே ஒன்றரை ஆண்டுத் தண்டனை பெற்றிருந்த சோ ஜே-பியோமுக்கு, பாலியல் குற்றத்துக்காக 2021-இல் மேல்முறையீட்டில் 13 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஒருவன் சிறை சென்றான். முறை சிறை சென்றதா? ஷிம் பேசிய மறு ஆண்டே, 2020-இல், டிரையத்லான் வீராங்கனை சோய் சுக்-ஹியோன், பயிற்சிக்களத்துக் கொடுமைகளைப் பல அலுவலகங்களில் முறையிட்டும் பயனின்றி, 22 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில், விளையாட்டு அறநெறி மையம் ஒன்று செயல்படத் தொடங்கியது. மாண்ட பின் மருத்துவன்! காலங்கடந்தேனும் வந்ததை வரவேற்கிறோம். கடந்த காலத்தை மன்னிக்க மறுக்கிறோம்.

செய்யவேண்டியது என்ன? பயிற்றுவிப்பவன் கையிலே தேர்வு இருக்கலாகாது. தேர்ந்தெடுப்பவன் கையிலே விசாரணை இருக்கலாகாது. முறையிடும் பிள்ளையின் மனு, குற்றம் சாட்டப்பட்டவனின் நண்பர் மேசைக்குப் போகலாகாது. பதவியில் இருப்போர் பதக்கத்தை எண்ணுவதற்கு முன், பயிற்சிக்கூடத்துக்குள் போன பிள்ளைகளை எண்ணட்டும். எத்தனை பேர் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தார்கள் என்று எண்ணட்டும். கொரியாவுக்கு மட்டுமா இந்த நீதி? பதக்கப் பட்டியலைப் படித்துப் பூரிக்கும் எல்லா நாட்டுக்கும் இதுதான்!

உள்பக்கம் புகுந்து ஒருவரை இடித்துத் தள்ளினால் தகுதி நீக்கம் என்பது குறுந்தட ஓட்டத்தின் சட்டம். ஓடுகிற பிள்ளைக்கு அந்தச் சட்டம் உண்டு. ஓட்டுகிற தலைவனுக்கு இல்லையா? பிள்ளைகளை இடித்துத் தள்ளித் தாம் மட்டும் புகழின் எல்லைக்கோட்டைத் தொட்ட தலைவர்களுக்கு அந்தத் தீர்ப்பை வழங்க எந்த நடுவரும் வரப்போவதில்லை. மக்கள்தான் நடுவர்! பனித்தளம் வழுக்கலாம், அங்கே விழுந்தவன் எழுவான். அறம் வழுக்கி விழுந்த நாடோ, எத்தனை தங்கத்தை ஊன்றுகோலாகக் கொண்டாலும் எழாது!