காத்திருப்போர் பட்டியல் ஒரு வரிசை அல்ல

மார்ச் மாதக் கடைசிக்குள் அமெரிக்கக் கல்லூரிகளின் முடிவுகள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. இடம் உண்டு என்றால் சந்தோஷம். இல்லை என்றால் சில நாள் வருத்தம். இரண்டுமில்லாமல் 'வெயிட் லிஸ்ட்' என்று வரும் மூன்றாவது பதில்தான் பல குடும்பங்களைக் கோடை வரை அலைக்கழிக்கிறது. அதன் பொருள் சரியாக விளங்காததே இதற்கு முக்கியக் காரணம்.

இந்தியாவில் வளர்ந்த பெற்றோருக்கு வெயிட் லிஸ்ட் என்றதும் ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் எண் குறையும், ஆர்.ஏ.சி. ஆகும், பிறகு படுக்கையும் கிடைக்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கிலும் தரவரிசை உண்டு. அந்தப் பழக்கத்தில் "எங்கள் பிள்ளை எத்தனையாவது இடம்?" என்று கல்லூரிக்குப் போன் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி ஓர் எண்ணே கிடையாது.

கல்லூரியின் கணக்கு வேறு. ஆயிரம் இடங்களை நிரப்ப அது ஆயிரம் பேரை மட்டும் அழைப்பதில்லை. பலர் வேறிடம் போவார்கள் என்று கணித்து அதிகம் பேரை அழைக்கிறது. பதில் சொல்ல வழக்கமான கடைசி நாள் மே 1. எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். இடம் மிஞ்சினால் பட்டியலைத் திறக்கும்; மிஞ்சாவிட்டால் ஒருவரையும் அழைக்காது. அழைக்கும்போதும், எந்தத் துறையில் ஆள் குறைகிறது, வகுப்புக்கு எப்படிப்பட்ட மாணவர் தேவை என்று பார்த்தே எடுக்கும். ஆகவே இந்தப் பட்டியல் கல்லூரி தனக்காகச் செய்துகொள்ளும் காப்பீடு. மாணவருக்குத் தரும் வாக்குறுதி அல்ல.

கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பட்டியலில் இருக்கச் சம்மதித்தவர்களில் சராசரியாக நூற்றுக்கு 20 பேருக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களையே ஏற்கும் கல்லூரிகளில் அது நூற்றுக்கு 7 பேர்தான். 2020இல் கோவிட் குழப்பத்தால் பல கல்லூரிகள் வழக்கத்தைவிட அதிகம் பேரை அழைத்தன. அதை வைத்து மற்ற ஆண்டுகளைக் கணக்கிடக் கூடாது. அந்தந்தக் கல்லூரியின் பழைய எண்ணிக்கையை, அது வெளியிடும் 'காமன் டேட்டா செட்' படிவத்தின் சி2 பகுதியில் பார்க்கலாம்.

செய்யவேண்டியது அதிகமில்லை. விருப்பமிருந்தால் பட்டியலில் இருக்கச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். கல்லூரி அனுமதித்தால், மாணவரே சுருக்கமாக ஒரு கடிதம் எழுதலாம். அத்துடன், இடம் கொடுத்திருக்கும் வேறொரு கல்லூரிக்கு மே 1க்குள் முன்பணம் கட்டிவிடுவது அவசியம். பிறகு பட்டியலிலிருந்து அழைப்பு வந்து அங்கே மாறினால் இந்தப் பணம் பொதுவாகத் திரும்பாது. உதவித்தொகையையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பட்டியல் திறக்கும் நேரத்தில் அதற்கான நிதி சில கல்லூரிகளில் தீர்ந்துபோயிருக்கும். அழைப்பு வந்தபின் முடிவு சொல்லச் சில நாட்களே கிடைப்பதும் உண்டு. ஆகவே 'அழைத்தால் போவதா, எவ்வளவு செலவு தாங்கும்' என்பதை வீட்டில் இப்போதே பேசி வைப்பது நல்லது.

இவற்றைவிடக் கடினமானது பெற்றோர் மனத்தை மாற்றிக்கொள்வதுதான். கோயிலில் பிரசாதம் வாங்கும்போது யாராவது "பையனுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டால், சில தந்தையர் முன்பணம் கட்டிய கல்லூரியின் பெயரைச் சொல்வதில்லை, "இன்னும் ஒன்று வரவேண்டியிருக்கிறது" என்று மழுப்புகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? தான் சேரப்போகும் இடம் அப்பாவுக்கு அவமானம் என்றுதான் கேட்கும். கல்லூரி அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை; இடம் போதவில்லை என்றுதான் சொன்னது. வேண்டாம் என்ற சொல்லை வீடுதான் சேர்த்துவிடுகிறது.

கேட்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. மே மாதம் முடியும்வரை அந்தக் கேள்வியைத் தவிர்த்தால் பல பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். பெற்றோரும் இடம் கொடுத்த கல்லூரியின் பெயரை வாய்நிறையச் சொல்லட்டும். அதன்பின் அழைப்பு வந்தால் அது லாபம். வராவிட்டால் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.